பத்லிக்குப் போனவள்

ஏசி ஓடுகிற அறையைத் துடைக்கும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். தில்லியில் வீட்டுவேலை செய்கிற எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைச் சொல்லிவிடுவாள். ஜூன் மாதத்தில் ஒரு நிமிஷம் கதவு திறந்து கிடந்தால் போதும், கூலிங் போகிறது, கூலிங் போகிறது என்று வீட்டுக்காரர்கள் பதறிப்போவார்கள், வளர்த்த கிளி பறந்துவிட்ட மாதிரி. வெளியே நாற்பத்தைந்து டிகிரி கொளுத்தும். மாடிப்படியின் இரும்புக் கைப்பிடியைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்டது போல் இருக்கும். ஆகவே பக்கெட்டும் துணியுமாக உள்ளே போ, கதவைச் சாத்து, குனிந்து துடை, வெளியே வா, மறுபடி சாத்து. இதுதான் முறை.

வடிவுக்கு மயூர் விஹாரில் ஒரே அடுக்குமாடி சொசைட்டியில் மூன்று வீடுகள். பதினோரு வருஷமாக அங்கேதான் வேலை. நாலா என்கிற சாக்கடைக் கால்வாயை ஒட்டியிருந்த குடிசைக் கேம்பிலிருந்து நடந்தால் இருபது நிமிஷம். கேம்பில் இருந்தவர்கள் எல்லாரும் கள்ளக்குறிச்சி, சங்கராபுரம் பக்கத்து ஜனங்கள். வந்து ஐம்பது வருஷம் ஆகியும் அவர்கள் தமிழ் சங்கராபுரத்தை விட்டு நகரவில்லை, பிள்ளைகளின் வாயில்தான் பாதி இந்தி.

மூன்று வீட்டில் முந்நூற்றி இரண்டாம் நம்பர் மட்டும் தமிழ் வீடு. ரவிக்குமார் சார் பெரிய கம்பெனி ஒன்றில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி உஷாராணி அம்மா பேங்கில் இருந்தவர். கேம்பில் பெண்பிள்ளையை முதன்முதலாக வேலைக்கு அனுப்பும்போது தமிழ் வீடாகப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். பஞ்சாபிக்காரன் வீட்டுக்கு என்றால் பத்து தடவை யோசிப்பார்கள். நம்ம ஆளுங்க வீடு என்றால் ஒரு கேள்வி கிடையாது. சொந்தக்காரர் வீட்டுக்கு விருந்துக்கு அனுப்புகிற மாதிரி அனுப்பிவிடுவார்கள். இந்தத் தப்பை நம் ஜனத்தைத் தவிர வேறு யார் செய்வார்கள்!

தண்ணீர் டேங்கர் வந்த ஒரு காலையில் குடத்தோடு ஓடியபோது செங்கல் புரண்டு வடிவுக்குக் கணுக்கால் பிசகியது. வீங்கிப்போய் காலைக் கீழே வைக்க முடியவில்லை. வீட்டுவேலைக்காரிக்கு லீவு என்று ஒன்று கிடையாது. தான் போக முடியாவிட்டால் இன்னொருத்தியை அனுப்ப வேண்டும். அதற்குப் பத்லி என்று பெயர். பத்லி அனுப்பாவிட்டால் நாலாம் நாள் வேறொருத்தி அந்த வீட்டில் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பாள். அதே வீட்டில் புருஷனின் அண்ணன் மகள் உதயா சும்மாதான் இருந்தாள். இருபத்தோரு வயது. தபால் வழியில் பி.ஏ. படித்துக்கொண்டு, மால்களில் வேலைக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தாள். ஒரு வாரம் போய்ட்டு வாடி என்றதும் சரி சித்தி என்றாள்.

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டே வடிவு அவளுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்தாள். ஃபினாயில் ஒரு மூடிக்கு மேல் ஊற்றாதே. சாமி அறையில் இந்தத் துணி, மற்ற இடத்தில் அந்தத் துணி. காபி டம்ளரை மற்றப் பாத்திரத்தோடு சேர்த்துப் போடாதே, அம்மாவுக்குப் பிடிக்காது. ஏசி ஓடினால் கதவைச் சாத்திக்கொண்டு துடை, இல்லாவிட்டால் திட்டுவார்கள். எல்லாம் சொன்னாள். ஒன்றை மட்டும் சொல்லவில்லை.

முந்நூற்றி இரண்டில் சாரின் அறைக்கென்று வடிவு தனி வழக்கம் வைத்திருந்தாள். அவர் காலை நடைக்குப் போயிருக்கும்போதே அதை முடித்துவிடுவாள். முடியாமல் போனால், அம்மா வீட்டில் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டு, தண்ணீர் பக்கெட்டை வாசற்படியிலேயே வைத்துவிட்டுத் துடைப்பாள். பக்கெட் இருந்தால் கதவு மூடாது. கூலிங் போகிறது என்று சார் சத்தம் போட்டால், பக்கெட்டு ஓட்டைங்க, உள்ள வச்சா ஒழுவும் என்பாள். ஒன்பது வருஷமாக அந்த வீட்டில் பக்கெட் ஓட்டையாகவே இருந்தது.

ஏனென்றால் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அந்த அறையில் கதவு சாத்தியிருந்தது. அதை இங்கே விளக்க வேண்டியதில்லை. அவள் வாயைப் பொத்திய கையில் சந்தன சோப்பு வாசனை அடித்தது. அவ்வளவு தெரிந்தால் போதும். அப்போது அவள் புருஷன் தர்மன் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் கட்டுப்போட்டுப் படுத்திருந்தான். வேலையை விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பான். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அதே வீட்டுக்குப் போய் அதே தரையைத் துடைத்தாள், பக்கெட்டை வாசற்படியில் வைத்து. எப்படிப் போனாள், எப்படித்தான் மனசு வந்தது என்று கேட்கிற மகராசிகள் கேட்கட்டும். அவர்களுக்குப் போக வேறு இடம் இருந்திருக்கும்.

உதயாவிடம் அந்த வழக்கத்தைச் சொன்னால் அதன் காரணத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். அம்மாதான் எந்நேரமும் வீட்டில் இருக்கிறார்களே, சாருக்கும் வயசாகிவிட்டதே என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு வடிவு பேசாமல் இருந்துவிட்டாள். வியாழக்கிழமை கிருத்திகை. உஷாராணி அம்மா ஆர்.கே.புரத்து மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

அன்றைக்கு மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு உதயா திரும்பி வந்தாள். வடிவு முதலில் பார்த்தது அவள் காலைத்தான். காலில் செருப்பு இல்லை. அந்த வெயிலில், அந்தத் தாரில், இருபது நிமிஷ நடையை வெறுங்காலில் நடந்து வந்திருந்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம். குர்த்தாவின் ஒரு கை தோளோடு கிழிந்திருந்தது. தண்ணீர் கேட்டாள். குடித்தாள். பிறகு சொன்னாள். நாலைந்து வாக்கியம், பாதி இந்தியில்.

வடிவுக்கு அந்தச் சந்தன சோப்பு வாசனை மூக்கில் ஏறியது. இந்த நேரத்தில் அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதிருக்கலாம். எனக்குத் தெரியும்டி அவனை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் வாயிலிருந்து வந்தது வேறு.

"கதவ எதுக்குடி சாத்துன?"

உதயா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏசி ஓடுச்சு சித்தி. நீங்கதான சொன்னீங்க."

அதற்குப் பிறகு அவள் வடிவிடம் பேசவில்லை.

உதயாவின் அம்மா முத்துமாரி மெட்ரோ ஸ்டேஷனில் துப்புரவு வேலை செய்கிறவள். புருஷன் செத்து எட்டு வருஷம். மூன்று மணிக்கு யூனிஃபார்மோடு வந்தவள், கேட்ட மாத்திரத்தில் மகளை முதுகில் இரண்டு அடி அடித்தாள். புதுக் குர்த்தா எதுக்குடி போட்டுக்கினு போன என்றாள். பிறகு அந்தக் கொப்புளக் காலை மடியில் போட்டுக்கொண்டு ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே தேங்காயெண்ணெய் தடவினாள். அடித்த கையும் அதேதான், தடவிய கையும் அதேதான். என்ன செய்வது, அவளுக்குத் தெரிந்தது அவ்வளவு.

கேம்பில் சுவர் என்பது பேருக்குத்தான். மறுநாள் காலை டேங்கர் வரிசையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்தப் பொண்ணு உதட்டுச்சாயம் பூசும், எந்நேரமும் போனும் கையுமாகத் திரியும், இந்திக்காரியாட்டம் பல்லைக் காட்டிச் சிரிக்கும் என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வேலைக்குப் போன இடத்தில் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாளாமே என்று ஒருத்தி சொல்ல, எல்லாருடைய முகமும் கேள்விக்கு விடை கிடைத்துவிட்ட மாதிரி ஆயிற்று. சொன்ன அத்தனை பேரும் முந்தின நாளும் போய் எங்கேயோ ஓர் ஏசி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு துடைத்தவர்கள்தான். அது ஒருத்திக்கும் உறைக்கவில்லை.

பார்க்க வந்தவர்களில் ஒன்றும் கேட்காதவள் ஹம்சா ஒருத்திதான். கேம்பிலேயே பிறந்து வளர்ந்தவள், வீட்டுவேலைக்காரர்கள் சங்கத்தில் இருக்கிறாள். மோர் கொண்டுவந்தாள். கொப்புளத்துக்கு மருந்து வாங்கி வந்து போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம், போலீசுக்கும் போகலாம், நீ எதைச் சொல்கிறாயோ அதற்குக் கூட வருகிறேன், நீ சொல்லாமல் எதுவும் செய்ய மாட்டேன் என்று உதயாவிடம் சொல்லிவிட்டு அரை மணி நேரம் சும்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போகிறேன் என்று உதயா உடனே சொன்னாள். ஆனால் தர்மன் தடுத்தான். பெரியவங்க வந்து பேசட்டும், அப்புறம் பார்க்கலாம் என்றான்.

பெரியவர் என்றால் ஐயப்பன். கேம்பு கமிட்டிக்குச் செயலாளர். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வந்தார், கையில் அந்த ரெக்ஸின் பையோடு. அந்தப் பைக்குள்தான் இருநூற்றுப் பதினாலு குடும்பத்தின் தலையெழுத்தும் இருந்தது. கேம்பை இடிக்கப் போவதாக நோட்டீஸ் வந்து நாலு மாசம். யாருக்கு மாற்று வீடு, யாருக்கு இல்லை என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்கள். விட்டுப்போனவர்களுக்கு இங்கிலீஷில் மனு எழுதிக் கொடுத்தவர், ஆபீஸ் ஆபீஸாகப் போன் போட்டுப் பேசியவர், முந்நூற்றி இரண்டாம் நம்பர் ரவிக்குமார் சார்.

தர்மன், குளிர்ந்த காற்று வருவதற்காக ஏர் கூலர்களின் சட்டத்தில் புல் அடைக்கிற வேலை செய்கிறவன். ஜூன் மாதம்தான் அவனுக்கு ஓயாத வேலை. அன்றைக்குப் போகாமல் வாசலில் புல் கட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் அரிவாளை எடுத்துக்கொண்டு கிளம்பியவனை நாலு பேர் பிடித்து நிறுத்தியிருந்தார்கள். ஒரு ராத்திரி போனதும் கோபம் இறங்கி, அந்த இடத்தில் கேள்வி ஏறிவிட்டது.

ஐயப்பன் கெட்டவர் இல்லை. அவர் குரலில் பயம்தான் இருந்தது.

"தர்மா, நான் தப்ப ஞாயப்படுத்த வரல. எனக்கும் ரெண்டு பொண்ணு இருக்குது. ஆனா வர்ற பதினெட்டாந் தேதி நம்ம மனு விசாரணைக்கு வருது. அந்த மனுசன் இல்லன்னா ஒரு கடுதாசி எழுத நமக்கு ஆளு கிடையாது. முத்துமாரி பேரே லிஸ்ட்டுல இல்ல, அது தெரியுமில்ல ஒனக்கு?"

"அதுக்கு என்னா பண்ணச் சொல்றீங்கண்ணே?"

"பொண்ண ஊருக்கு அனுப்பிடு. எங்க மச்சான் வூட்டுல நாலு மாசம் இருக்கட்டும். அங்கியே ஒரு பையனப் பாத்து முடிச்சிடலாம்."

தர்மன் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தான். கத்தியிருந்தா கீழ இருக்கிற செக்யூரிட்டி கார்டு ஓடியாந்திருப்பான்ல, ஏன் கத்தல, அதுதான் எனக்குப் புரியல என்றான். மூன்றாம் மாடியில், இரட்டைக் கண்ணாடி ஜன்னலுக்குள், ஏசி இரைச்சலில் ஒருத்தி கத்தினால் கீழே இருக்கிற கார்டுக்குக் கேட்குமா என்று அவன் யோசிக்கவில்லை. உள்ளே வடிவுக்குத் தெரியும், கேட்காது. திரைக்கு அந்தப் பக்கம் உதயா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். அவளுக்கும் தெரியும்.

சனிக்கிழமை உஷாராணி அம்மா போன் பண்ணி வடிவை வரச்சொன்னார்கள். தர்மன் ஈ-ரிக்ஷா வைத்து அனுப்பினான். நொண்டிக்கொண்டே மூன்று மாடி ஏறினாள், லிஃப்டில் வேலைக்காரர்கள் ஏறக்கூடாது என்பது அந்த சொசைட்டியின் சட்டம். அம்மா கதவைத் திறந்து, உட்காரு வடிவு என்று நாற்காலியைக் காட்டினார்கள். பதினோரு வருஷத்தில் அந்த நாற்காலியை அவள் துடைத்திருக்கிறாளே தவிர உட்கார்ந்ததில்லை. காபி வந்தது. எந்த டம்ளரை மற்றப் பாத்திரத்தோடு சேர்க்கக்கூடாதோ அதே டம்ளரில். சார் வீட்டில் இல்லை, தம்பி வீட்டுக்குப் போயிருக்கிறார் என்று கேட்காமலே சொன்னார்கள்.

அம்மாவின் கண் வீங்கியிருந்தது. ரொம்ப நேரம் அழுதவர்கள்தான். அந்தப் பொண்ணு மேல எனக்குக் கோபம் இல்லை, சின்னப் பொண்ணு, ஏதோ பயந்துபோய் என்னவோ சொல்லுது என்று ஆரம்பித்தார்கள். அவளே உள்ளே போய் அவளே கதவைச் சாத்தியிருக்கிறாள், சார் கேட்டதற்கு ஏதோ பதில் சொல்லியிருக்கிறாள் என்று நீட்டிக்கொண்டே போனார்கள். பிறகு வடிவின் கையைப் பிடித்தார்கள்.

"வடிவு, நீ பதினோரு வருஷமா இந்த வீட்ல வேலை செய்யற. உன்கிட்ட ஒரு நாளாவது ஒரு வார்த்தை தப்பா பேசியிருக்காரா? அதை மட்டும் கேக்கறவங்ககிட்ட நீ சொல்லு. வேற எதுவும் வேண்டாம். நீ சொன்னா நம்புவாங்க."

வடிவு காபியைக் குடித்தாள். வேலைக்காரி பேசாமல் இருந்தால் சரி என்று அர்த்தம், அந்த வீட்டில் எப்போதும் அப்படித்தான். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எனக்குத் தெரியும் வடிவு, நீ நல்லவ என்றார்கள்.

மாடிப்படி இறங்கும்போதுதான் அவளுக்கு விஷயம் முழுசாகப் புரிந்தது. ஒன்பது வருஷமாக அவள் வாயைத் திறக்காமல் இருந்தாளே, அதையே இப்போது அந்த ஆளுக்கு நற்சான்றிதழாக எழுதிக்கொடுக்கச் சொல்கிறார்கள். அவள் பொத்தி வைத்த அசிங்கத்தை எடுத்து அவன் நெற்றியில் விபூதியாகப் பூசப் போகிறார்கள். இரண்டாம் மாடித் திருப்பத்தில் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். படியின் சூடு தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உதயா தானே புகாரை எழுதினாள். நோட்டிலிருந்து கிழித்த இரண்டு தாளில், இந்தியில். அவளுக்குத் தமிழ் எழுத வராது. அந்த வீட்டில் யாருக்கும் இந்தி படிக்க வராது. தன் வாழ்க்கையில் நடந்ததை அந்தப் பெண் எழுதி மடித்துத் தலையணைக்கடியில் வைத்திருந்தாள், சுற்றியிருந்த ஒருவராலும் அதைப் படிக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் திங்கட்கிழமை போவது என்று ஹம்சாவிடம் சொல்லிவிட்டாள். இந்த முறை தர்மன் தடுக்கவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. ஐயப்பன் அவனிடம் சொல்லியிருந்தார், போகட்டும் விடு, ஸ்டேஷனில் வடிவு ஒரு வார்த்தை சொன்னால் கேஸ் தானாகப் படுத்துவிடும், போலீஸே பொண்ணைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள், நம் மேலேயும் பழி இருக்காது என்று.

வடிவு கேழ்வரகுக் களி கிண்டி கருவாட்டுக் குழம்பு வைத்தாள். உதயா தொடவில்லை. மதியம் ஹம்சா வந்தபோது, அந்தத் தாளை எனக்குப் படிச்சுக் காட்டுறியா என்று வடிவு கேட்டாள். ஹம்சா உதயாவைப் பார்த்தாள். அவள் சுவரைப் பார்த்தபடியே தலையை ஆட்டினாள். பின்பக்கம் கொண்டுபோய் ஹம்சா மெதுவாகத் தமிழில் சொன்னாள். தேதி, நேரம், வீட்டு நம்பர். பக்கெட்டில் தண்ணீர் பிடித்தது. அறைக்குள் போனது.

"'ஏசி ஓடிக்கொண்டிருந்தது. கதவை நான்தான் சாத்தினேன். அது என் தப்பு.' அப்படின்னு எழுதியிருக்குது வடிவக்கா."

"நான் சொல்லித்தான் சாத்துனன்னு எழுதலியா?"

"இல்ல. ஒங்க பேரே இதுல இல்ல. நான் கேட்டன் அத. அவங்க வேலை செய்யற வூடு, சித்திய எதுக்கு இழுக்கணும்னு சொல்லிடுச்சு."

வடிவு முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். நாலு நாளாகப் பேசாத பெண் தன்னைக் காப்பாற்றி எழுதியிருக்கிறாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. தன் வயிற்றில் பிறந்தவள் இல்லை. பாவி, நான் இதற்கு என்ன செய்தேன், கதவைச் சாத்தச் சொல்லி அனுப்பினேன் என்று உள்ளுக்குள் கதறினாள்.

சாயங்காலம் தர்மன் கூலர் சட்டத்தில் புல்லை அடைத்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஏங்க, அந்த சாரப் பத்தி ஒண்ணு சொல்லணும் என்றாள். அவன் நிமிரவில்லை.

"நாளைக்கு நீ ஏடாகூடமா ஒண்ணும் பேசாத. பதினோரு வருசத்துல எங்கிட்ட ஒண்ணும் தப்பா நடந்துக்கலன்னு ஒரு வார்த்த. அவ்ளோதான் ஒன் வேல. புரியுதா?"

அவன் அடைத்த புல்லுக்குத் தண்ணீர் தெளிக்கச் சொன்னான். தெளித்தாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் ஹம்சாவும் முத்துமாரியும் உதயாவை அரசு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார்கள். அங்கே முடித்து மதியம் ஸ்டேஷனுக்கு வந்தார்கள். தர்மனும் ஐயப்பனும் வடிவும் ஆட்டோவில் வந்து சேர்ந்தார்கள். உள் அறையில் ஒரு பெண் சப் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தாள். ஹரியானாக்காரி, முப்பது வயதுக்குள் இருக்கும். ஆண்களை வெளியே நிற்கச் சொன்னாள். ஆனால் அறைக்குக் கதவு இல்லை, திரைதான். ஐயப்பன் திரைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே, மேடம், அந்த வீட்டில் பதினோரு வருஷமாக வேலை செய்கிறவள் இவள்தான், இவளையும் கேளுங்கள் என்று இந்தியில் சொல்லிவைத்தார்.

சப் இன்ஸ்பெக்டர் உதயாவின் தாளைப் படித்தாள். ஒவ்வொரு வரியாகக் கேட்டாள். குரலில் கடுமை இல்லை, ஆனால் கேள்வி அதேதான். கதவை யார் சாத்தியது?

"மைனே" என்றாள் உதயா. "கல்தி மேரி."

நான்தான், தப்பு என்னுடையது. வடிவுக்கு இந்தி அரைகுறைதான், இருந்தாலும் இந்த மூன்று சொல் யாருக்குத்தான் புரியாது! பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கணுக்கால் சுருக்கென்றது.

"மேடம், சாத்தச் சொன்னது நானு. நான்தான் இவளுக்கு வேலைய சொல்லிக் குடுத்து அனுப்புனன். ஏசி ஓடுனா எல்லா வூட்லயும் சாத்தித்தான் தொடைக்கணும். இதக் கேக்கறீங்களே, ஒங்க வூட்டுல வேலை செய்யறவ எப்படித் தொடைக்கிறா?"

ஹம்சா அதை அப்படியே இந்தியில் சொன்னாள், கடைசி வாக்கியத்தையும் விடாமல். சப் இன்ஸ்பெக்டர் பேனாவைக் கீழே வைத்தாள். பிறகு வடிவைப் பார்த்து, பதினோரு வருஷத்தில் உன்னிடம் அந்த ஆள் எப்படி நடந்துகொண்டான் என்று கேட்டாள். திரைக்கு அந்தப் பக்கம் தர்மனின் செருப்பு தெரிந்தது. ஐயப்பனின் ரெக்ஸின் பை தெரிந்தது.

வடிவு இருநூற்றுப் பதினாலு குடும்பம் என்று நினைத்தாள். என் புருஷன் இனிமேல் என் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்குவானா என்று நினைத்தாள். எல்லாவற்றையும் நினைத்துவிட்டுத்தான் சொன்னாள்.

"எங்கிட்டயும் நடந்துச்சு. ஒம்பது வருசம் ஆவுது. அதே ரூமுதான். நான் யாருக்கும் சொல்லல. அதுக்கப்பறம் பக்கெட்ட வாசப்படில வச்சித்தான் தொடைப்பன், கதவு மூடாம இருக்கிறதுக்கு. எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தன் இவளுக்கு, அந்த ஒண்ணத் தவுத்து. தப்புன்னு எழுதணும்னா என் பேர எழுதுங்க. அவ பேருல வேணாம்."

முத்துமாரி எழுந்து வந்து வடிவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிடித்தாளா, விழாமல் இருக்கப் பற்றினாளா என்று தெரியவில்லை. ஹம்சாவுக்கு இந்தியில் சொல்லக் கொஞ்ச நேரம் பிடித்தது. கடைசியில் அவள் சொன்னது வடிவு சொன்னபடி இல்லை என்பது மட்டும் வடிவுக்குப் புரிந்தது. தப்பு என் பேரில் என்பதை ஹம்சா விட்டுவிட்டாள். இந்தத் தாளில் அந்த ஆளின் தப்பைத் தவிர வேறு யாருடைய தப்பும் இருக்கக்கூடாது, அதுதான் நாங்கள் கேட்பது என்று தன் வார்த்தையாகச் சொன்னாள்.

சப் இன்ஸ்பெக்டர் தாளைத் திருப்பி உதயாவின் பக்கம் தள்ளினாள். எழுதியது நீ, அடிப்பதானால் நீதான் அடிக்க வேண்டும் என்றாள். உதயா பேனாவை வாங்கி, அது என் தப்பு என்று எழுதிய அந்த ஒரு வரியை அடித்தாள். தாள் கிழிகிற அளவுக்கு அழுத்தி அடித்தாள். வடிவின் வாக்குமூலத்தைத் தனியாக எழுத வேண்டும், அரை மணி நேரம் வெளியே இருங்கள், கூப்பிடுகிறோம் என்றார்கள்.

வெளியே முற்றத்தில் பிடித்துவைத்த மோட்டார் சைக்கிள்கள் புழுதி படிந்து வரிசையாகக் கிடந்தன. ஐயப்பனைக் காணவில்லை. தர்மன் மட்டும் நின்றுகொண்டிருந்தான். முகம் கறுத்திருந்தது. அவன் அழுதிருக்கிறான் என்று வடிவுக்குத் தெரிந்தது. பக்கத்தில் வந்தான். எதையோ சொல்ல வாயெடுத்து, கடைசியில் அவனுக்கும் வந்தது அதேதான்.

"ஒம்பது வருசமா எங்கிட்ட ஏன்டி சொல்லல? அப்பவே ஏன் சொல்லல நீ?"

சொல்லப்போனால் பதில் ஒன்றா இரண்டா. நேற்றுச் சாயங்காலம் புல் கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து சொல்ல வேண்டும். அவள் வாய் கோணிக்கொண்டது. தலை குனிந்தது.

"சித்தப்பா."

உதயாதான். நாலு நாளில் அவள் குரல் இவ்வளவு தெளிவாக வந்தது அப்போதுதான்.

"அவங்கள அப்படிக் கேக்காதீங்க. ஏன் கத்தல, ஏன் சாத்துன, ஏன் சொல்லல. நாலு நாளா இதையேதான் கேட்டீங்க எல்லாரும். நான் தூங்கவே இல்ல சித்தப்பா. அவங்க ஒம்பது வருஷம் தூங்கிருக்க மாட்டாங்க. அவங்க கால் வீங்கியிருக்கு, நின்னுட்டே இருக்காங்க. உக்கார ஏதாவது பாருங்க."

தர்மன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு போய் டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டான். வடிவு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. முந்தானையை வாயில் வைக்கவில்லை. போலீஸ்காரர்கள் திரும்பிப் பார்க்கப் பார்க்க வாய்விட்டு அழுதாள். உதயா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் இருந்தாள்.

உள்ளேயிருந்து வடிவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். தர்மன் ஒரு அடி முன்னால் வந்து தயங்கினான்.

"நானும் வரட்டா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் அனுமதி கேட்டது அதுதான் முதல் தடவை. வடிவு அவனைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை.

"வேணாம். நீங்க இங்கியே இருங்க. உதயா வரட்டும்."

தர்மன் அந்த ஸ்டூலுக்குப் பக்கத்திலேயே வெயிலில் நின்றான். ஒருத்தி கணுக்கால் வலியிலும் இன்னொருத்தி உள்ளங்கால் கொப்புளத்திலுமாக இரண்டு பேரும் மெதுவாகப் படியேறி உள்ளே போனார்கள்.